காசு கட்டியாச்சு

நேற்று இரவு என் நாத்தனார் மகள் ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தாள். இங்கே சிங்கப்பூரில், தஞ்சோங் பகாரில் அவள் அலுவலகத்துக்குப் பக்கத்தில், ஒரு கடைவீட்டு மாடியில், ரிஃபார்மர் பிலாட்டீஸ் என்ற உடற்பயிற்சிக்கு ஒரு ஸ்டுடியோ திறந்திருக்கிறார்களாம். 50 வகுப்புக்கு 1,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஓராண்டுக்குள் முடித்துவிட வேண்டும், இந்த விலை ஞாயிற்றுக்கிழமை வரை மட்டும். "அத்தை, நீங்க மூணு வருஷமா போறீங்களே, வாங்கட்டுமா?"

வாங்காதே என்று உடனே பதில் போட்டேன். போட்ட பிறகு மனசு கேட்கவில்லை. அந்த ஒரு சொல்லைப் பார்த்து அவள் ஸ்டுடியோ பக்கமே போகாமல் இருந்துவிட்டால் அதுவும் தப்பு. விளக்கமாக எழுத உட்கார்ந்தேன், நீண்டுகொண்டே போனது. இதே கேள்வி வேறு சிலருக்கும் இருக்கும் என்பதால் இங்கே போடுகிறேன்.

நான் ஏன் போனேன் என்பதிலிருந்து தொடங்குகிறேன். அப்பாவுக்கு 46 வயதில் சர்க்கரை வந்தது. பெரிய அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் உண்டு. இங்கே சீனர்களைவிட இந்தியர்களிடம் நீரிழிவு அதிகம் என்பது நமக்குப் புதிய செய்தி இல்லை. 2016ல் சுகாதார அமைச்சு நீரிழிவின்மேல் போர் என்றே அறிவித்தது. எனக்கு 40 முடிந்த ஆண்டு பலதுறை மருந்தகத்தில் ரத்தப் பரிசோதனை செய்தபோது, இன்னும் சர்க்கரை நோய் இல்லை, ஆனால் எல்லையில் நிற்கிறீர்கள் என்றார் மருத்துவர். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மூச்சு வாங்குகிற அளவுக்கு உடற்பயிற்சி, அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வலு தரும் பயிற்சி. உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதும் நம் சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்வதும் இதே கணக்குதான்.

நடந்தேன். பொங்கோல் நீர்வழியோரம் வீட்டிலிருந்து ஐந்து நிமிடம். இதைவிட நல்ல நடைபாதை யாருக்குக் கிடைக்கும்? மூன்று வாரம் நடந்தேன். அப்புறம் சின்னவனுக்கு எழுத்துப் பயிற்சி, பெரியவளுக்குத் தேர்வு, ஊரிலிருந்து அம்மா போன், வேலையிடத்தில் மாத முடிவு. ஒவ்வொரு நாளும் ஏழு மணி நடை எட்டாகி, எட்டு மணி நடை நாளைக்கு என்றாகி, நின்றே போனது. யாரும் என்னைத் தடுக்கவில்லை. நடக்கப் போகிறேன் என்றால், "இந்தச் சட்டையை மட்டும் தேய்ச்சுட்டுப் போயேன்" என்பார்கள், அவ்வளவுதான். வீட்டில் யாருடைய நேரத்தையாவது வெட்ட வேண்டுமென்றால் முதலில் வெட்டுப்படுவது அம்மாவின் நேரம். அதை வெட்டுவதும் பெரும்பாலும் நாமேதான்.

அரசு நடத்தும் ஆக்டிவ்எஸ்ஜி உடற்பயிற்சிக் கூடத்துக்கும் போனேன். ஒரு தடவைக்கு 2.50 வெள்ளி. கருவிகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் எடை தூக்கும் பக்கம் முழுக்க ஆண்கள். எந்தக் கருவியை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் ஓடுபொறியில் அரை மணி நேரம் நடந்துவிட்டு வந்தேன். அதற்கு நீர்வழியோரமே போதும்.

அந்தச் சமயத்தில்தான் கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி தெலுக் ஆயரில் ஒரு சின்ன ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனாள். பன்னிரண்டே படுக்கைகள். ரிஃபார்மர் என்பது படுக்கை மாதிரி ஒரு சட்டம். அதன்மேல் நகரும் பலகை, அந்தப் பலகையை இழுத்துப் பிடிக்கும் சுருள்வில்கள். வில்லின் நிறத்தைப் பார்த்து இறுக்கம் தெரிந்துகொள்ளலாம். வெளியிலிருந்து பார்த்தால் படுத்துக்கொண்டு காலை நீட்டுகிற மாதிரி இருக்கும். இருபதாவது நிமிடத்தில் தொடை நடுங்கும். பயிற்றுநர் என் பக்கத்தில் வந்து, இடது முழங்கால் உள்பக்கமாகச் சாய்கிறது என்று இரண்டு விரலால் தொட்டுக் காட்டினார். நாற்பது வருஷம் அந்தக் காலில்தான் நடந்திருக்கிறேன். ஒருத்தரும் சொன்னதில்லை.

50 நிமிடம் முடிந்து வெளியே வந்தபோது, இதற்குத்தான் இத்தனை நாள் அலைந்தேன் என்று தோன்றியது. 20 வகுப்பு 640 வெள்ளி, ஆறு மாதம். வாங்கிவிட்டேன்.

வீட்டில் பெரிய பேச்சு வரும் என்று பயந்தேன். வரவில்லை. மாமியார் விலையைக் கேட்டுவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு, "காசு கட்டியாச்சுன்னா போய்த்தானே ஆகணும்" என்றார். அடுத்த புதன்கிழமை ஏழு மணிக்கு நான் பையை எடுத்தபோது சட்டை தேய்க்கச் சொல்ல யாரும் இல்லை. காசு கட்டியாச்சு. நம் வீடுகளில் இந்தச் சொல்லுக்கு இருக்கிற மதிப்பு, அம்மாவின் உடம்பு என்ற சொல்லுக்கு இல்லை. மாதம் 300, 400 வெள்ளி பிள்ளைகளின் துணைப்பாடத்துக்கு யோசிக்காமல் கொடுக்கிறோம். அதையும் நேரம் குறித்து, காசு கட்டி, தவறாமல் அனுப்புகிறோம். எனக்கும் அப்படி ஒன்று கிடைத்தது அதுதான் முதல் முறை.

இந்த மாதிரி ஸ்டுடியோக்கள் விற்பது உடற்பயிற்சி இல்லை என்பது என் எண்ணம். பயிற்சி இலவசமாகவே கிடைக்கிறது. அவர்கள் விற்பது குறித்த நேரம், நம்மைப் பார்த்துத் திருத்த ஓர் ஆள், வராவிட்டால் நம் இடம் காலியாகக் கிடக்கும் ஓர் அறை. இந்த மூன்றுக்கும் காசு கொடுக்கலாம். நான் கொடுத்ததற்கு வருத்தப்படவில்லை. மூன்றாவது மாதம் என் பெயரைச் சரியாக உச்சரிக்கப் பழகியிருந்தார் அந்தப் பயிற்றுநர். தீபாவளிக்கு முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த ஆண்டு ரத்தப் பரிசோதனையில் எண் கொஞ்சம் இறங்கியிருந்தது. சோற்றையும் குறைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, இப்போது மற்ற பக்கம்.

அந்த முதல் 20 வகுப்பில் நான் போனது 14. வகுப்பு தொடங்கப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக இருக்கும்போது ரத்து செய்தால் வகுப்பு போய்விடும் என்பது விதி. சின்னவனின் காய்ச்சல் பன்னிரண்டு மணி நேரத்துக்கு முன்பே அறிவிப்பு கொடுத்துவிட்டு வருவதில்லை. அப்படி மூன்று போயின. டிசம்பர் விடுமுறைக்குத் திருச்சி போனபோது ஆறு மாதக் கெடு முடிந்து இன்னும் மூன்று போயின. 640ஐ 14ஆல் வகுத்துப் பாருங்கள்: 32 வெள்ளி வகுப்பு எனக்கு 45 வெள்ளிக்கும் மேல் ஆனது. வாங்கும்போது நாம் பார்ப்பது ஒரு வகுப்பின் விலை. கடைசியில் கொடுப்பது போன வகுப்பின் விலை. நம் வீடுகளில், ஜூனும் டிசம்பரும் ஊருக்குப் போகிற குடும்பங்களில், இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது.

காசு கட்டியாச்சு என்ற அதே சொல் கெடுதலும் செய்யும். ஒருமுறை உடம்பு அனலாகக் கொதிக்கும்போதும் 32 வெள்ளி போய்விடுமே என்று போனேன். வகுப்பு நடுவில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். அப்படிப் போயிருக்கவே கூடாது.

இதைவிடக் கவனமாக இருக்க வேண்டியது சைக்கிள் வகுப்பில், அதாவது நின்ற இடத்திலேயே மிதிக்கும் ஸ்பின் வகுப்பில். இருட்டறை, பெரிய சத்தத்தில் பாட்டு, எல்லாரும் எழுந்து மிதிக்கும்போது நாம் மட்டும் உட்கார மனம் வராது. பழக்கமில்லாத தொடைத் தசையை முதல் நாளே அந்த வேகத்தில் போட்டால் தசை நார்கள் சிதைந்து, அவற்றிலிருந்து வெளியாகும் பொருள் சிறுநீரகத்தைத் தாக்கலாம். ரேப்டோமயோலிசிஸ் என்பார்கள். முதல் ஸ்பின் வகுப்புக்குப் பிறகு இதனால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. மறுநாளோ அதற்கடுத்த நாளோ தொடை தாங்க முடியாமல் வலித்து, சிறுநீர் கட்டன் தேநீர் நிறத்தில் போனால், தைலம் தேய்த்துப் படுக்காதீர்கள். நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். முதல் வகுப்பில் பாதிக்கு மேல் உட்கார்ந்தே மிதிப்பதில் எந்த அவமானமும் இல்லை.

இன்னொன்று, பல ஸ்டுடியோக்களில் ஒவ்வொரு நாளும் வேறு வேறு பயிற்சி. சலிப்புத் தட்டாது, உண்மைதான். ஆனால் தசை வலுப்பெற வேண்டுமானால் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து, எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். போன மாதம் எவ்வளவு தூக்கினேன், இந்த மாதம் எவ்வளவு என்று குறித்து வைக்காத இடத்தில் ஓரளவுக்கு மேல் முன்னேற்றம் இருக்காது. ஸ்பின் மட்டும் போகிறவர்கள் கைக்கும் முதுகுக்கும் வேறு ஏதாவது செய்யத்தான் வேண்டும்.

இப்போது என் பெரிய இழப்பு. அந்தப் பயிற்றுநர் வேறு இடத்துக்கு மாறியதும் நானும் மாறினேன். (இவர்களில் பலர் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று ஸ்டுடியோக்களில் சொல்லிக்கொடுப்பவர்கள், நாம் சேர்வது ஸ்டுடியோவில் என்றாலும் ஒட்டிக்கொள்வது ஆளிடம்தான்.) புதிய இடத்தில் 30 வகுப்பு 840 வெள்ளி. ஒன்றுக்கு 28தானே என்று, வங்கிக் கணக்கிலிருந்து நேரே பணம் அனுப்பும் பேநவ் வழியாக அப்படியே அனுப்பினேன். 19 வகுப்பு போயிருந்தேன். ஒரு ஞாயிறு இரவு மின்னஞ்சல் வந்தது: நாளை முதல் வகுப்புகள் இல்லை, நிறுவனம் கலைக்கப்படுகிறது. பதினொரு வகுப்பு, 308 வெள்ளி.

பயனீட்டாளர் சங்கத்தைக் கேட்டேன். பொதுவாக ஒரு கடையோ நிறுவனமோ ஏமாற்றினால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரை, இரண்டு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை, இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் நிறுவனமே கலைக்கப்படும்போது நாம் அதற்குக் கடன் கொடுத்தவர்களில் ஒருவர், அவ்வளவுதான். ஊழியர்களின் சம்பளம், மத்திய சேமநிதி, வரி எல்லாம் போய் மிச்சமிருந்தால்தான் நம் வரிசைக்கு வரும். எனக்கு எதுவும் வரவில்லை. கடன் அட்டையில் கட்டியிருந்த தோழி வங்கியிடம் முறையிட்டுப் பார்க்க முடிந்தது. பேநவ்வில் போன பணத்துக்கு அப்படி வழி இல்லை. 308 வெள்ளி போனதைவிட, அந்த வரவேற்பு மேசையில் இருந்த சின்னப் பெண்ணும் சம்பளம் வராமல் நின்றாள் என்று கேட்டபோது மனசு அதிகம் கனத்தது.

பெரிய பெயர் என்றால் மூடமாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 2016 ஜூலையில் கலிஃபோர்னியா ஃபிட்னஸ் இங்குள்ள கிளைகளை அடுத்தடுத்து மூடியபோது ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் முன்கூட்டியே கட்டிய பணத்தோடு நின்றார்கள். சின்ன ஸ்டுடியோவுக்கு இன்னும் நெருக்கடி. நகர மையத்து வாடகை, பன்னிரண்டே படுக்கை, மாலை ஆறிலிருந்து எட்டு மணிக்குத்தான் கூட்டம். "ஞாயிறு வரை மட்டும்" என்று ஓராண்டுப் பணத்தை இன்றே கேட்பதில் அவர்களுக்கு நியாயமான காரணமும் இருக்கலாம். இருந்தாலும் அந்த ஒரு வருஷத்து ஆபத்தைச் சுமப்பது நாம்.

அதனால் இப்போது நான் செய்வது இதுதான். ஐந்து, மிஞ்சினால் பத்து வகுப்புக்கு மேல் வாங்குவதில்லை. ஒன்றுக்கு ஆறேழு வெள்ளி கூடுதலாகப் போகிறது, போகட்டும். கடன் அட்டையில் கட்டுகிறேன். வாரத்துக்கு ஒரு நாள், புதன் மாலை, ஸ்டுடியோ. அங்கே கற்ற அசைவுகளை வைத்து சனிக்கிழமை ஆக்டிவ்எஸ்ஜிக்குப் போகிறேன். இப்போது எடைப் பக்கம் போகக் கூச்சம் இல்லை; கேட்காமலே இடம் விடுகிறார்கள். மற்ற நாள்களில் நீர்வழியோரம். பல இடங்களை ருசி பார்க்க நினைப்பவர்களுக்கு கிளாஸ்பாஸ் மாதிரி மாதக் கிரெடிட் திட்டங்கள் சரிவரும், ஆனால் கூட்டமான மாலை வகுப்புகளுக்குக் கூடுதல் கிரெடிட் கேட்கும் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டுடியோ விலை கட்டுப்படியாகாதவர்களுக்கு ஒன்று. குறித்த நேரமும் காத்திருக்கும் ஆளும்தான் தேவை என்றால் அது சமூக மன்றத்திலும் கிடைக்கும். சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் இலவச வகுப்புகளை ஹெல்தி 365 செயலியில் பதிவு செய்யலாம். எங்கள் புளோக்கில் மூன்று பெண்கள் சேர்ந்து செவ்வாயும் வியாழனும் இரவு எட்டரைக்குக் கீழ்த்தளத்தில் சந்திக்கிறார்கள். ஒருத்தி வராவிட்டால் மற்ற இருவரும் கதவைத் தட்டுகிறார்கள். அவர்களில் ஒருவர் என் மாமியார், வயது 68.

நாத்தனார் மகளுக்கு எழுதியது: 50 வேண்டாம். அறிமுக வகுப்பு ஒன்று போ. பிடித்தால் ஐந்து வாங்கு. ஐந்தையும் ஐந்து வாரத்தில் முடித்தாயானால் பத்து வாங்கு. ஞாயிறோடு விலை ஏறினால் ஏறட்டும், உன் முழங்கால் அடுத்த வாரமும் இங்கேதான் இருக்கும்.

சனிக்கிழமை காலை எட்டு மணி வகுப்புக்கு அவளுக்கும் எனக்கும் இரண்டு இடம் பிடித்தாயிற்று. அடியில் ரப்பர் புள்ளி வைத்த காலுறை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், அங்கே வாங்கினால் விலை அதிகம். என்னிடம் புதியது ஒரு ஜோடி இருக்கிறது, எடுத்து வைத்திருக்கிறேன்.