எண்ணிக்கை இருக்கிறது, வாசகர் எங்கே?

காலையில் எழுந்ததும் என் வலைப்பூவின் வருகைக் கணக்கைத் திறந்து பார்ப்பது என் வழக்கம். நேற்று கோடு சட்டென்று மேலே ஏறியிருந்தது. யாரோ என் பழைய கட்டுரைகளை உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்திருக்கிறார்கள் என்று மனசு நிறைந்துபோனது. யார் எப்போது எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்று குறித்து வைக்கும் சர்வர் பதிவைத் திறந்தால், ஒரே முகவரியிலிருந்து நொடிக்கு ஒரு பக்கம் வீதம் அறுபது பக்கம். எந்த மனுஷரால் அப்படி வாசிக்க முடியும்? பக்கங்களை அள்ளிக்கொண்டு போகும் நிரல் அது. இவற்றிடம் 'இங்கே வராதே' என்று சொல்ல ரோபாட்ஸ்.டிஎக்ஸ்டி என்ற கோப்பு 1994-லிருந்தே இருக்கிறது. மதிப்பதும் மதிக்காததும் வருகிறவர் இஷ்டம்.

இதைவிட என்னை வதைப்பது நேரக் கணக்கு. ஒருவர் வந்து ஒரே ஒரு கட்டுரையைக் கடைசி வரி வரை வாசித்துவிட்டு மூடினால், பல கருவிகள் அவர் இருந்த நேரத்தைப் பூஜ்யம் என்று காட்டுகின்றன. ஒரு பக்கம் திறந்ததற்கும் அடுத்தது திறந்ததற்கும் உள்ள இடைவெளியைத்தான் அவை நேரமாக எடுத்துக்கொள்கின்றன. அடுத்த பக்கமே இல்லையென்றால் கழித்துப் பார்க்க எதுவும் இல்லை. பத்து நிமிஷம் ஊன்றிப் படித்தவரும், கை தவறித் தட்டிவிட்டு ஓடியவரும் அங்கே ஒன்று! விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்கள் பல சமயம் கணக்கிலேயே வருவதில்லை.

போன மாசம் ஒருவர் மூன்று வரி மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அப்பாவைப் பற்றி நான் எழுதியதைத் தன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாராம். அந்தத் தேதிக் கணக்கைப் புரட்டினேன். வருகை ஒன்று. நேரம் பூஜ்யம்.