‘அருமை, வாழ்த்துகள்’ போதாது

தமிழில் சுயபதிப்பாக வரும் அறிபுனை (அறிவியல் புனைகதை), மிகுபுனைவு (மந்திர, மாய உலகக் கதை) நூல்களுக்கு மதிப்புரை எழுதுகிறவர்கள் குறைவு. எழுதுகிறவர்களிலும் பலர் அட்டைப்படத்தைப் போட்டு ‘அருமை, வாழ்த்துகள்’ என்று முடித்துவிடுகிறார்கள். முதல் நூல் எழுதியவருக்கு அது அன்றைக்கு இனிக்கும், அடுத்த நூலுக்கு எதுவும் தராது. வாங்கலாமா என்று யோசிக்கிற வாசகருக்கும் அதில் ஒன்றுமில்லை.

தேடுவதே முதல் சிக்கல். மதுரை தமுக்கம் புத்தகத் திருவிழாவில் பெரிய பதிப்பகங்களின் அரங்குகளில் இவற்றைத் தேடிப் பயனில்லை. பல பதிப்பகங்களின் நூல்களை வாங்கி விற்கிறவர்களின் அரங்குகளில், கவிதைத் தொகுப்புகளுக்கு நடுவே ஒன்றிரண்டு பிரதிகள் செருகிக் கிடக்கும். பதிப்பு விவரப் பக்கத்தைத் திருப்புங்கள். பதிப்பகம் இருக்க வேண்டிய இடத்தில் ஆசிரியரின் பெயரே இருந்தால் அது சுயபதிப்பு. அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் தமிழில் மட்டும் தேடினால் பல நூல்கள் கண்ணில் படாது, தலைப்பை ஆங்கில எழுத்தில் பதிந்திருப்பார்கள். இரண்டு எழுத்திலும் தேடி, வெளியான தேதி வாரியாக அடுக்கிப் பாருங்கள். ‘அரூ’ இணைய இதழின் அறிபுனைப் போட்டிகளில் தேர்வானவர்களின் பெயர்களைக் குறித்துக்கொண்டு, அவர்களுடைய தனி நூல்களைத் தேடுவதும் நல்ல வழி.

கிண்டில் தரும் இலவச மாதிரி ஏறக்குறைய நூலின் பத்தில் ஒரு பங்கு. நடை தெரிய அது போதும், கதையின் உலகம் கடைசிவரை நிற்கிறதா என்று தெரியாது. தொடக்கத்தை எல்லோரும் பலமுறை திருத்துகிறார்கள், சறுக்குவது நடுவில்தான். அச்சுப் பிரதி கையில் இருந்தால் நடுவே பத்துப் பக்கம் படித்துவிட்டு வாங்குங்கள்.

மதிப்புரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது: அந்த உலகத்தின் விதி என்ன, ஆசிரியரே அதை எங்கே மீறினார்? ஒரு கதையில் செவ்வாய்க் கோளில் இருப்பவர் மதுரையில் இருக்கும் அம்மாவோடு தடையில்லாமல் பேசுவார். உண்மையில் செய்தி ஒருவழி போய்ச்சேரவே 3 முதல் 22 நிமிடம் ஆகும். வேறு தொழில்நுட்பம் இருப்பதாகக் கதை சொல்லியிருந்தால் சரி, சொல்லாமல் விட்டிருந்தால் அது ஓட்டை. மிகுபுனைவில் மந்திரத்துக்கு விலை உண்டா என்று பாருங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் உயிரைக் குடித்த மந்திரம் இறுதிப் போரில் இலவசமாக வேலை செய்தால், பக்க எண்ணோடு அதை எழுதுங்கள்.

கீழடி அகழாய்வுக்குப் பிறகு நம் ஊர் காலப்பயணக் கதைக்கு நல்ல களமாகிவிட்டது. அதனாலேயே கூடுதல் கவனம் வேண்டும். சங்க கால மதுரைக்குப் போகிற நாயகன் வானளாவிய ராஜகோபுரத்தைப் பார்த்து வியக்கக் கூடாது. மீனாட்சி அம்மன் கோயிலில் இன்று நிற்கும் நான்கு பெரிய கோபுரங்களில் பழையதான கிழக்குக் கோபுரமே 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மிளகாய்க் குழம்பும் கூடாது, மிளகாய் போர்ச்சுக்கீசியரோடு வந்தது. ஆசிரியர் வேண்டுமென்றே வரலாற்றை மாற்றியிருந்தால் அதன் விளைவு மற்ற இடங்களிலும் தெரியும். அப்படித் தெரிந்தால் மனந்திறந்து பாராட்டுங்கள், அது கடினமான வேலை.

எழுத்துப்பிழையை வேறு விதமாகக் கையாள வேண்டும். பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றிய கோப்புகளில் கொம்பு இடம் மாறி நிற்கும், ‘ஔ’ இரண்டாக உடையும். படிக்கவே முடியாத அளவுக்குப் போனாலொழிய, இதற்காக நட்சத்திரத்தைக் குறைக்காதீர்கள். பட்டியல் போட்டு ஆசிரியருக்குத் தனியாக அனுப்புங்கள். கிண்டில் கோப்பை மாற்றி ஏற்றலாம். ஐம்பது, நூறு என்று அச்சடிக்கிறவரும் அடுத்த முறை திருத்திவிடலாம். ஆயிரம் பிரதி அடித்து அடுக்கிய பதிப்பகத்துக்கு அந்த வசதி இல்லை.

கதையை முதல் கால்பங்குக்கு மேல் சொல்ல வேண்டாம். நூல் இலவசமாக வந்ததென்றால் முதல் வரியிலேயே சொல்லுங்கள். ஆசிரியர் நண்பரென்றால் அமேசானில் எழுதாதீர்கள், அங்கே அது விதிமீறல், நீக்கிவிடுவார்கள். முகநூலில், நண்பர் என்று சொல்லிவிட்டே எழுதலாம். எந்தப் பதிப்பைப் படித்தீர்கள் என்பதை மாதம், ஆண்டோடு குறிப்பிடுங்கள். நீங்கள் சுட்டிய ஓட்டையை அவர் அடுத்த மாதமே அடைத்திருக்கலாம்.