வாயை மூடிக்கொண்டு ஒரு சனிக்கிழமை

சனிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் இரண்டு பை தயாராக இருக்கும். ஒன்றில் தடித்த காலுறை, கையுறை, குளிர்ச்சட்டை. இன்னொன்றில் நடனத்துக்குக் கட்டும் சேலை. காலையில் மகளுக்கு ஐஸ் ஸ்கேட்டிங், சாயங்காலம் பரதம். வயது ஆறு.

"பாந்திங்கில் இருந்துகொண்டு பிள்ளைக்கு எதற்கு ஐஸ்?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. மலேசிய வெயிலில் நியாயமான கேள்விதான். நான் வளர்ந்த ரப்பர்த் தோட்டத்தில் ஐஸ் என்றால் ஐஸைச் சீவிப் போடும் ஐஸ் கச்சாங் இனிப்பு, அதுவும் சம்பளம் போட்ட அன்றைக்கு மட்டும். ஆனால் யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போன இடத்தில் இவள் பிடித்துக்கொண்டாள், விடுகிற மாதிரி தெரியவில்லை. சரி என்று சேர்த்துவிட்டோம்.

செம்பனைக்கு நடுவே டெங்கில் வழியாக ஓட்டினால் புத்ராஜெயா பக்கத்துப் பேரங்காடி, ஐஸ் தளம் அங்கேதான். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும், உள்ளே நுழைந்தால் மூக்கு நுனி சில்லிட்டுப் போகும். என் அம்மாவும் கூட வருவார். இருட்டோடு எழுந்து பால்மரம் சீவப் போன காலத்தில்கூடப் போடாத ஸ்வெட்டரை இங்கே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

முதல் வகுப்பில் சறுக்கவே விடவில்லை. விழத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். முட்டியை மடக்கி, பக்கவாட்டில் உட்காருகிற மாதிரி சாய வேண்டும். விழுந்ததும் விரல்களை மடக்கிக்கொள்ள வேண்டும், பின்னால் வருகிறவரின் ஸ்கேட் காலணிக் கத்தி ஏறிவிடக் கூடாது. அப்புறம் தவழும் நிலைக்கு வந்து, ஒரு காலை ஊன்றி, அந்த முட்டியில் இரண்டு கையையும் வைத்து அழுத்தி எழ வேண்டும். சொல்லிக்கொடுக்கிற சீனப் பெண் கைகொடுத்துத் தூக்குவதில்லை. "பங்குன், பங்குன்" என்பாள், மலாயில் 'எழுந்திரு' என்று, அவ்வளவுதான். "தூக்கிவிட்டா இவளுக்குக் கையா தேஞ்சிடும்?" என்று அம்மா முணுமுணுத்தார்.

மூன்றாவது வாரம்தான் என் கூத்து நடந்தது. கண்ணாடித் தடுப்பை ஒட்டி நின்றுகொண்டு நான் கத்த ஆரம்பித்தேன். "முட்டிய மடக்கு! கீழ பாக்காத! கைய நீட்டு!" எனக்கு ஸ்கேட்டிங்கில் என்ன தெரியும்? முந்தின நாள் ராத்திரி பார்த்த இரண்டு யூடியூப் காணொளி தெரியும். மகள் என் பக்கம் திரும்பினாள். ஐஸில் தலை திரும்பினால் தோளும் கூடவே திரும்பிவிடும். கத்தியின் முன்முனையில் இருக்கும் பல் தரையில் மாட்டியது. தாடை அடிபட விழுந்தாள்.

சொல்லிக்கொடுக்கிற பெண் நேராக என்னிடம் வந்தாள். "அங்கிள், துடோக் சானா யா." அங்கே போய் உட்காருங்கள் என்று மலாயில். என்னைவிட இருபது வயதாவது சின்னவள். போய் உட்கார்ந்துவிட்டேன். மகள் தானாக எழுந்துவிட்டாள்.

வீடு திரும்பும்போது காடியில் மெதுவாகச் சொன்னாள்: "பா, நீங்க பேசினா டீச்சர் பேசறது கேக்கல பா."

அன்றிலிருந்து மற்ற பெற்றோரையும் கவனிக்கிறேன். பாதிப் பேர் கத்துகிறோம், மீதிப் பேர் படம் பிடிக்கிறோம். "அடுத்த ஜூலியன் யீயா?" என்று விளையாட்டாகக் கேட்பார்கள். அவரும் பேரங்காடி ஐஸில் பழகியவர்தான். 2017 சீ எனும் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம், 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியாவின் முதல் ஃபிகர் ஸ்கேட்டர். அங்கே முதல் சுற்றில் 24 பேர் அடுத்ததற்குப் போனார்கள், அவருக்கு 25-ஆவது இடம். அந்த ஓர் இடத்தை எந்த அப்பா கண்ணாடிக்கு வெளியே நின்று கூச்சல் போட்டு வாங்கித் தந்திருக்க முடியும்?

பரத வகுப்பு கோயில் மண்டபத்தில். அங்கே டீச்சர் இன்னும் கறார், கதவையே சாத்திவிடுவார். காசு கட்டுகிறோம், பார்க்கக்கூடவா கூடாது என்று ஆரம்பத்தில் எனக்கும் கடுப்பாகத்தான் இருந்தது. வெளியே திண்ணையில் நடக்கும் பேச்சைக் கேட்ட பிறகு அவர் செய்வதுதான் சரி என்று பட்டது. பிள்ளைகள் ஐந்து மாதமாக முதல் பாடமான தட்டடவிலேயே இருக்கிறார்கள். இங்கே சலங்கை பூஜை எப்போது, அரங்கேற்றத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடுகிறோம். ஓர் அம்மா சினிமாப் பாட்டைக் கைப்பேசியில் காட்டி, தீபாவளி நிகழ்ச்சிக்கு இதை ஆடவைக்க முடியுமா என்று டீச்சரிடமே கேட்டார். முட்டியை மடக்கி அமரும் அரைமண்டியில் முழுசாக ஒரு நிமிடம் உட்கார முடியாத பிள்ளையை வைத்துக்கொண்டு! பிள்ளைகளுக்கு அவசரமே இல்லை. எல்லாம் நமக்குத்தான்.

எனக்கு எட்டாத ஒன்றை மகள் கண்டுபிடித்துச் சொன்னாள். குதிகால் இரண்டையும் சேர்த்து, பாதத்தை வெளிப்பக்கம் விரித்து, முட்டியை மடக்கி நிற்க ஐஸிலும் சொல்கிறார்களாம், இங்கேயும் சொல்கிறார்களாம். "ரெண்டு டீச்சரும் பேசி வச்சுக்கிட்டாங்களா பா?" கத்திக்கொண்டிருந்த வாரங்களில் இது என் கண்ணில் படவே இல்லை.

நேற்றும் திண்ணையில்தான் இருந்தோம். உள்ளே தாளம் போடும் தட்டுக்கழிச் சத்தம், தெய்யா தெய், தெய்யா தெய். இரட்டை வேகமான இரண்டாம் காலத்துக்குப் போனதும் ஒரு ஜோடிக் கால் மட்டும் பிந்தி விழுந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சன்னலை எட்டிப் பார்க்கலாம் என்று எழுந்தேன்.

அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தார். "துடோக் சானா."

எப்போது கற்றுக்கொண்டார் என்று தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.