கையெழுத்திடாத ஒரு மனுவைப் பற்றி

சென்ற வாரம் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மனு சுற்றுக்கு வந்தது. கீழ்த்தளத்தில் மாலை நேரங்களில் பந்து உதைக்கும் பையன்களைத் தடுக்க, தூண்களுக்கு இடையே கம்பித் தடுப்பு அமைத்துத் தருமாறு நகர மன்றத்தைக் கேட்டுக்கொள்ளும் மனு அது. அமைதியான பேட்டை என்று நம்பித்தான் இங்கே வீடு வாங்கினோம் என்று அதன் முதல் வரி தொடங்கியது. நான் கையெழுத்திடவில்லை. இருவர் காரணம் கேட்டுவிட்டார்கள். குழுவில் இரண்டு வரியில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

சிங்கப்பூரின் வடகோடியில் உள்ள செம்பவாங்கிற்குக் குடிவந்து 17 ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு முன் ஃபேரர் பார்க் பக்கம், லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவுக்கு நடந்தே போய்விடும் தூரத்தில் இருந்தோம். வீடு மாறுகிறோம் என்றதும் உறவினர்கள் ஏதோ கடல் கடந்து போகிறவர்களை வழியனுப்புவது போலப் பேசினார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. செம்பவாங் பூங்காவின் கரையில் நின்றால் எதிரே ஜோகூர் தெரியும். தொடுத்த மல்லிகையும் நல்ல வாழையிலையும் வேண்டுமென்றால் ரயில் மாறித் தேக்காவுக்குப் போய்வர அரைநாள் போய்விடும். முருங்கைக்காய், கறிவேப்பிலை வரை சோங் பாங் சந்தை கைகொடுக்கும். மற்றபடி, பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் தாழ்வாரத்தில் நின்றால் யாரோ ஒருவர் வீட்டு மின்விசிறி சுழல்வதும் தொலைவில் ஒரு பேருந்து நின்று கிளம்புவதும் தனித்தனியாகக் காதில் விழும். எனக்கு இது பிடித்திருக்கிறது. பிடிக்கவில்லை என்று பொய் சொல்லிவிட்டு மனுவை எதிர்ப்பதில் அர்த்தமில்லை.

ஆனால் இந்த அமைதி இந்த மண்ணோடு பிறந்தது என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். என் அப்பா இங்கிருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1938இல் திறக்கப்பட்ட அந்தத் தளத்தின் பெரிய கப்பல் துறையை நம்பி எத்தனையோ தமிழ், மலையாளக் குடும்பங்கள் வடக்கே வந்து குடியேறின. அப்பா நினைவுகூரும் செம்பவாங்கில் சம்மட்டியும் சங்கொலியும் லாரிகளும் பல மொழிகளில் ஏச்சும் பேச்சும்தான் இருக்கும். அமைதி என்ற சொல்லை அவர் இந்த ஊரைப் பற்றிப் பயன்படுத்தியதே இல்லை. 1968இல் பட்டறை சிங்கப்பூரின் கைக்கு மாறி செம்பவாங் கப்பல் பட்டறையாகத் தொடர்ந்தது. 1971இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறின. அந்தத் தளத்து ஊழியர்கள் கும்பிட்ட முருகன்தான் இன்று ஈசூன் தொழிற்பேட்டையில் உள்ள புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்தில் நிற்கிறார். பங்குனி உத்திரத்தன்று அங்கே போனால் அப்பா காலத்து வடக்கின் ஓசை கொஞ்சமாவது காதுக்குக் கிடைக்கும். செம்பவாங் ரயில் நிலையம் திறந்தது 1996இல். நாங்கள் வீடு வாங்கிய இந்த ‘அமைதியான பேட்டை’ ஏறத்தாழ அந்த நிலையத்தின் வயதுதான்.

இங்கே வாழ்ந்ததில் நான் கண்டுகொண்ட ஒரு விஷயம் உண்டு. அமைதியான இடத்தில் இருக்க இருக்கக் காது மெலிந்துபோகிறது. ஃபேரர் பார்க்கில் இருந்தபோது வீட்டுக்கு அடியிலேயே லாரிகள் சரக்கு இறக்கும், நான் தூங்கிக்கொண்டிருப்பேன். இங்கே வந்த மூன்றாம் ஆண்டில் விடியற்காலைக் குயில் என்னை எழுப்பத் தொடங்கியது. அது முன்பும் கூவியிருக்கத்தான் வேண்டும். குயில் குரலைக் கொண்டாடியே வளர்ந்த மொழிக்காரனாகிய நான், ஐந்தரை மணிக்குப் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து அதைச் சபித்திருக்கிறேன். எங்கள் பேட்டையில் குயிலைப் பற்றி நகர மன்றத்துக்கே எழுதிப் போட்டவர் உண்டு என்று கேள்வி. 2017இல் சின் மிங் வட்டாரத்தில் சுற்றித் திரிந்த கோழிகள், சத்தம் பற்றிய புகார்கள் வந்த பிறகு அழிக்கப்பட்டதும், அதை எதிர்த்துப் பலர் குரல் கொடுத்ததும் பலருக்கு நினைவிருக்கும். அன்று நானும் ஆத்திரப்பட்டேன். ஆனால் அந்தச் சேவல் என் சன்னலுக்குக் கீழே கூவியிருந்தால் நான் எந்தப் பக்கம் நின்றிருப்பேன் என்று அடித்துச் சொல்ல முடியாது.

ஏனெனில் நானும் புகார் செய்தவன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மேல்வீட்டில் இரவு பத்து, பத்தரைக்கு எதையோ இடிக்கும் ஓசை வரும். ஒருநாள் பொறுக்க முடியாமல் மின்தூக்கி அருகே ஒரு கடிதத்தை ஒட்டிவைத்தேன். பெயர் குறிப்பிடவில்லை என்றாலும் யாருக்கு என்று எல்லாருக்கும் தெரியும். மேல்வீட்டு மலாய் மக்சிக் (வயதில் மூத்த மலாய்ப் பெண்களை இப்படித்தான் அழைப்போம்), வேலை முடிந்து நேரம் கழித்து வரும் மகளுக்காக அந்நேரத்தில் சம்பல் இடித்துக்கொண்டிருந்திருக்கிறார். மறுநாளே ஓசை நின்றது. பிற்பகல் மூன்று மணிக்கு மாறியது. அது சரியாக என் அம்மா கண்ணயரும் நேரம் என்பது வேறு கதை. மக்சிக் என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. மின்தூக்கியில் பார்த்தால் முன்பு போலவே சிரித்தார். ஆனால் நின்று பேசுவது குறைந்துபோனது. இதில் எனக்குள்ள வெட்கம் என்னவென்றால், எங்கள் வீட்டில் அம்மா காலை ஐந்தரைக்கே சட்னி அரைத்து, பூசை மணியும் அடித்துவிடுவார். கீழ்வீட்டுச் சீன அங்கிள் இந்த 17 ஆண்டுகளில் அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை.

விதிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சுவரையும் தளத்தையும் பகிர்ந்து வாழும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் விதிகள் இல்லாமல் ஒருநாள் தள்ளமுடியாது. சுவர் உடைக்கும் வேலையை வாரநாட்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரைதான் செய்யலாம் என்ற கட்டுப்பாடு எத்தனை முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் காப்பாற்றியிருக்கும்! தீபாவளிக்குப் பட்டாசு கிடையாது என்பதற்குக்கூட 1972 முதல் பழகிவிட்டோம். பிள்ளைகள் மத்தாப்புடன் நிறைவடைந்துவிடுகிறார்கள். விதி, ஓசையையும் நேரத்தையும் பற்றிப் பேசுகிறது. எனக்கு அச்சம் தருவது, ஓசையைப் பற்றிய பேச்சு சத்தமில்லாமல் ஆட்களைப் பற்றிய பேச்சாக மாறுவது.

2008இல் சிராங்கூன் கார்டன்சில் நடந்ததைத் தமிழர்களாகிய நாம் மறந்துவிடக் கூடாது. அமைதிக்குப் பெயர்போன, தரைவீடுகள் நிறைந்த பேட்டை அது. அங்கே மூடிக்கிடந்த ஒரு பள்ளிக் கட்டடத்தில் வெளிநாட்டு ஊழியர்களைத் தங்கவைக்கும் யோசனை வந்தபோது, குடியிருப்பாளர்கள் பலர் மனு எழுதிக் கையெழுத்துத் திரட்டினார்கள். போக்குவரத்து, பாதுகாப்பு, வீட்டு விலை என்று காரணங்கள் நீண்டன. கடைசியில் தங்குவிடுதி வந்தது. ஊழியர்களின் வண்டிகள் பேட்டைக்குள் வராதபடி தனி வழியும் அமைந்தது. இந்நாட்டில் அத்தகைய விடுதிகளில் தங்குவோரில் தமிழ்நாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியும். அந்த மனுவில் கையெழுத்திட்டவர்கள் எல்லாரும் கொடியவர்கள் என்று நான் நினைக்கவில்லை. காது மெலிந்தவர்களாக இருந்திருப்பார்கள். மின்தூக்கி அருகே நான் ஒட்டிய கடிதத்துக்கும் அதற்கும் அளவில்தான் வேறுபாடு.

எங்கள் குழுவின் மனுவிலும் மூன்றாம் பத்தியில் ஒரு வரி இருந்தது. பந்து விளையாடும் பையன்கள் ‘இந்த புளோக்கைச் சேர்ந்தவர்களே அல்லர்’ என்று. அதைப் படித்த இடத்தில்தான் நான் நிறுத்திக்கொண்டேன். எதிர் புளோக்குப் பையனின் பந்து நம் புளோக்குப் பையனின் பந்தைவிட எப்படி அதிகம் சத்தம் போடும்? அதே கீழ்த்தளத்தில் மலாய்த் திருமணத்துக்குக் கொம்பாங் மேளம் ஒலிக்கும்போதும், சீனர் இறப்புச் சடங்குக்கு நாட்கணக்கில் ஓதும்போதும் நாம் யாரும் வந்தவர் எந்த புளோக் என்று கேட்பதில்லை.

மனு எழுதியவருக்கு ஒரு மாற்று யோசனை சொன்னேன். பையன்களிடம் நானே பேசிப்பார்க்கிறேன், ஒரு மாதம் பொறுங்கள் என்றேன். சனிக்கிழமை இறங்கிப் போய், ஒன்பது மணிக்கு மேல் வேண்டாம், ஆறாம் மாடியில் கைக்குழந்தை இருக்கிறது என்று சொன்னேன். “சாரி அங்கிள்” என்றார்கள். அன்று ஒன்பதே முக்காலுக்கு நிறுத்தினார்கள்; ஞாயிறன்று ஒன்பது இருபதுக்கு.