கடிகாரத்தின் துருவைத் துடைக்காதீர்கள்

டைட்டானிக்கில் போன ஒரு பாக்கெட் கடிகாரம் 2018இல் அமெரிக்காவில் 57,500 டாலருக்கு ஏலம் போனது. ஓடாத கடிகாரம். முகப்பெல்லாம் கறை, முட்கள் அரித்துப்போய், உள்ளே சக்கரங்கள் துருவில் இறுகிக் கிடக்கின்றன. வெள்ளிப் பூச்சு உரிந்து பித்தளை தெரிகிறது. எண்கள் மட்டும் ஹீப்ரு எழுத்துகளில் இன்னும் வாசிக்க முடிகிற நிலையில். உரியவர் சினாய் கான்டர் மூழ்கிப்போனார். மனைவி மிரியம் படகேறிப் பிழைத்தார். இவ்வளவு பாழான பொருளுக்கா இந்த விலை என்று கேட்கிறார்கள். அந்தப் பாழ்தான் சாட்சி.

இன்னொரு சாட்சி காகிதத்தில் இருக்கிறது. கனடாவின் ஹாலிஃபாக்ஸிலிருந்து, டைட்டானிக்கில் இறந்தவர்களைத் தேடிப் போன மெக்கே-பென்னெட் கப்பல் கண்டெடுத்த 306 உடல்களுக்கும் தனித்தனி எண் இட்டார்கள். சட்டைப்பையில் கிடைத்ததெல்லாம் அதே எண் போட்ட துணிப்பைக்குள் போனது, பட்டியலிலும் ஏறியது. இறப்புப் பதிவாளர் ஜான் ஹென்றி பார்ன்ஸ்டெட் வகுத்த முறை இது. 1917 ஹாலிஃபாக்ஸ் வெடிவிபத்திலும் இதுவே கைகொடுத்தது. பிழைத்தவரின் கைக்குப் பொருள் திரும்பியதற்கு 1912லேயே எழுதிய சான்று இருக்கிறது என்றால் அதற்கு ஈடே இல்லை. பொருள் டைட்டானிக்கில் இருந்ததுதான் என்று பேரப்பிள்ளைகள் இன்று எழுதித் தரும் உறுதிமொழிக் கடிதம் தனியாக நிற்காது. பயணிகள் பட்டியல், உடைமைப் பட்டியல், அந்தக் காலத்துக் கடிதம், ஏதாவது ஒன்றோடு அது பொருந்தியாக வேண்டும்.

வாங்கியவுடன் பலர் செய்யும் கொடுமை, பாலிஷ் போடுவது. பூச்சு மிக மெல்லியது, ஒரே தேய்ப்பில் மிச்ச வெள்ளியும் போய்விடும். ஒலியதிர்வால் அழுக்கு நீக்கும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டால் முகப்பின் எழுத்து உதிரும். சாவி கொடுத்துப் பார்க்கவே கூடாது; துருவேறிய ஸ்பிரிங் ஒடியும். கடலுப்பின் குளோரைடு எஃகுக்குள் ஊறிக்கிடக்கும், காற்றின் ஈரத்தை இழுத்து நூறாண்டு கழித்தும் துருவை வளர்க்கும். அதனால் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாப் பெட்டியில், ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே வையுங்கள். கூட வந்த கடிதத்தை அதே பெட்டியில் போடாதீர்கள். அவ்வளவு வறட்சியில் காகிதம் நொறுங்கும், அதற்கு 45-50 சதவீதம் வேண்டும். லேமினேஷனும் செல்லோடேப்பும் காகிதத்துக்கு எமன்.

'கடலடியிலிருந்து எடுத்தது' என்று யாராவது விற்க வந்தால் நகர்ந்துவிடுங்கள். 1994இல் அமெரிக்க நீதிமன்றம் மூழ்கிய கப்பலிலிருந்து பொருள் எடுக்கும் மீட்புரிமையை ஒரே நிறுவனத்துக்குக் கொடுத்தது. எடுத்ததை உதிரியாக விற்க முடியாது, நிலக்கரித் துண்டுகள் தவிர.

விற்பதே பாவம் என்பதை நான் ஏற்கமாட்டேன். டைட்டானிக்கில் பிழைத்தவர்களில் கடைசியாக உயிரோடிருந்த மில்வினா டீன், கப்பலில் இரண்டு மாதக் குழந்தை. 2008இல் முதியோர் இல்லச் செலவுக்காக, நியூயார்க் மக்கள் தன் குடும்பத்துக்குத் தந்த துணிமணிப் பெட்டியை விற்றார். அவரை யார் குறை சொல்வது? எனக்கு ஆத்திரம் வருவது வாங்கிய பிறகு பெட்டி ஓரிடம், கடிதம் ஓரிடம் எனப் பிரித்து விற்பவர்கள் மேல்தான். பிரித்த நாளிலிருந்து இரண்டுமே ஊமை.

டைட்டானிக்கில் பிழைத்த பயணி ஈடித் ரோசன்பாமின் இசைப் பன்றிப் பொம்மைக்கு அந்தக் கதி வரவில்லை. 11ஆம் எண் படகில் அழுத குழந்தைகளுக்கு அதன் வாலைத் திருகிப் பாட்டுக் காட்டினார். 1975இல் அவர் இறந்ததும் அது டைட்டானிக் வரலாற்றாளர் வால்டர் லார்டுக்குப் போனது, அவருக்குப் பின் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு. ஏலத்துக்கே வரவில்லை. யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற கணக்கில் ஒரு கண்ணிகூட விடுபடவில்லை.