மேல்வீடு, கீழ்வீடு, ஒரு நீல மூடி

நான் இருப்பது நடுவீட்டில். எனக்கு மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம். மாடிப்படி என் வாசலை உரசிக்கொண்டுதான் போகிறது. ஆகவே யார் வீட்டில் என்ன கொதிக்கிறது, யார் வீட்டில் என்ன தீய்கிறது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அன்று செவ்வாய்க்கிழமை காலை. வேலைக்குக் கிளம்பி ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்தேன். வெளியே பேச்சுக்குரல் கேட்டது. இன்னொரு செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டேன். ஒட்டுக்கேட்பது தப்புதான். ஆனால் பேச்சு சாப்பாட்டைப் பற்றி.

கீழ்வீடு: அக்கா, இந்தாங்க, உங்கள் டப்பா.

மேல்வீடு: என்னுடையதா இது?

கீழ்வீடு: நீல மூடி. ஓரத்தில் பல் பட்டு உடைந்திருக்கிறது பாருங்கள். உங்கள் சின்னவன் கடித்தது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?

மேல்வீடு: ஆமாம், ஆமாம். டப்பாவும் மூடியும் ஜோடியாகத் திரும்பி வந்ததே அதிசயம்! என் அடுக்களையில் பதினொரு டப்பா இருக்கிறது, ஒன்பது மூடி இருக்கிறது. அந்த ஒன்பதில் ஒன்றுகூட இந்தப் பதினொன்றில் எதற்கும் பொருந்தாது.

கீழ்வீடு: எங்கள் வீட்டில் மூடிகள் தனிக்குடித்தனமே போய்விட்டன.

மேல்வீடு: சரி, ஞாயிற்றுக்கிழமை கொடுத்தேனே, எப்படி இருந்தது?

(சத்தமே இல்லை. 'எப்படி இருந்தது' என்று சமைத்தவர் கேட்டால், பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்பதிலேயே பதில் இருக்கிறது. நான் எண்ணினேன். மூன்று விநாடி. தேறாது.)

கீழ்வீடு: நிறைய இருந்தது, அக்கா.

மேல்வீடு: நான் ருசியைக் கேட்டேன்.

கீழ்வீடு: ருசியும் நிறைய இருந்தது. அதிலும் உப்பு ருசி கொஞ்சம் கூடுதலாகவே.

மேல்வீடு: எனக்குத் தெரியும்! எல்லாம் என் வீட்டுக்காரர் வேலை. கொதிக்கும்போதே நான் உப்புப் போட்டுவிட்டேன். அந்தப் பக்கமாகப் போனவர், 'உனக்கு உதவியாக இருக்கட்டும்' என்று ஒரு கை அள்ளிப் போட்டார். பின்னாலேயே பெரியவள் வந்து அவள் பங்குக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், என் வீட்டில் எல்லோருக்கும் சமையலில் அக்கறை வந்துவிடும். பாத்திரம் தேய்க்கிற நேரத்தில் மட்டும் ஒருவரையும் காணோம்.

கீழ்வீடு: ருசி பார்க்காமலா போட்டார்?

மேல்வீடு: ருசி பார்க்கிற ஆளா அவர்? தட்டில் சோறு விழுவதற்கு முன்பே உப்பு ஜாடியைத் தேடுவார். கல்யாணமாகிப் பதினாறு வருடம். முதல் வாய் வைத்துவிட்டு உப்பு கேட்டதாகச் சரித்திரமே கிடையாது. முதலில் உப்பு, அப்புறம்தான் வாய். அது கிடக்கட்டும், உன் பிள்ளை சாப்பிட்டானா?

கீழ்வீடு: ஒரு வாய் வைத்தான். கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. ஒரு குவளை தண்ணீர் குடித்தான். இன்னும் எரிகிறது என்றான். இன்னொரு குவளை கொடுத்தேன்...

மேல்வீடு: தண்ணீர் கொடுத்தால் எப்படிப் போகும்? பெரியவள் பரீட்சைக்குப் படித்தபோது கூடவே உட்கார்ந்து எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. மிளகாயின் காரத்துக்குக் காரணம் கேப்சைசின். அது தண்ணீரில் சரியாகக் கரையாது, கொழுப்பில்தான் கரையும். தண்ணீர் குடித்தால் வாய் முழுக்கப் பரவும், அவ்வளவுதான். பால் கொடுத்திருக்க வேண்டும். பாலில் இருக்கிற கேசீன் என்ற புரதம் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

கீழ்வீடு: இவ்வளவு தெரிந்தவர் இரண்டு மிளகாயைக் குறைத்துப் போட்டிருக்கலாமே, அக்கா?

மேல்வீடு: தெரிவது தலைக்கு. போடுவது கை.

கீழ்வீடு: அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டில் எது வைத்தாலும் முதல் கேள்வி, 'இது என்ன?' பெயர் சொன்னால் அடுத்த கேள்வி, 'ஏன்?' ஏன் என்றால் நான் என்ன பதில் சொல்வது? ஆனால் பக்கத்து வீட்டுப் பையனோடு உட்கார்ந்தால், வீட்டில் வேண்டாம் என்ற அதே அவரையை வாரி வாரித் தின்கிறான். போதாததற்கு அந்த அம்மா என்னைக் கூப்பிட்டு, 'உங்கள் பிள்ளைக்குக் காய் என்றால் உயிர்' என்கிறார்.

மேல்வீடு: என் வீட்டில் அந்தக் கேள்விகூடக் கிடையாது. யாரும் நிமிர்ந்து தட்டைப் பார்ப்பதே இல்லை. போன மாதம் ஒரு சட்டம் போட்டேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு நாலு பேரும் ஒன்றாக உட்கார வேண்டும், ஃபோனெல்லாம் ஒரு கூடையில்.

கீழ்வீடு: நல்ல யோசனைதானே?

மேல்வீடு: முதல் நாள் என்ன நடந்தது தெரியுமா? நாலு பேரும் உட்கார்ந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யாருக்கும் பேச விஷயமில்லை. கடைசியில் இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தண்ணீர் மோட்டாரைப் பற்றி ஆரம்பித்தார். இருபது நிமிடம். மோட்டார் எப்படி ஓடுகிறது, ஏன் சில நாள் ஓடுவதில்லை, அதற்குள் எது தேய்கிறது. சின்னவன் கையில் கவளத்தோடு தூங்கியே போனான். இரண்டாம் நாள் நானே கூடையிலிருந்து ஃபோனை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

கீழ்வீடு: பிறகு?

மேல்வீடு: ஃபோனில் மோட்டார் வீடியோ போட்டு எங்களுக்கும் காட்டினார். சட்டம் வாபஸ். ஆனால் நேற்று ராத்திரி பார், என் வீட்டுச் சரித்திரத்திலேயே நடக்காதது நடந்தது. எல்லாம் இந்த நடுவீட்டுத் தம்பியால்.

(என் கையிலிருந்த செருப்பு லேசாக நழுவியது. பிடித்துக்கொண்டேன்.)

கீழ்வீடு: அவர் என்ன செய்தார்?

மேல்வீடு: என் கிண்ணம் ஒன்று அவனிடம் ஒரு மாதமாக இருந்தது. நேற்றுச் சாயங்காலம் திருப்பிக் கொடுத்தான், அதில் நிறையச் சாப்பாட்டோடு. நாலு பேரும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டோம். மோட்டார் இல்லை, ஃபோன் இல்லை. இவர் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். உப்பு ஜாடி வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறது, தொடவே இல்லை! கையை நக்கிக்கொண்டே, 'ஒண்டியாக இருக்கிற பையனுக்கு என்ன கைப்பக்குவம் பார்த்தாயா' என்கிறார். யாரிடம்? என்னிடம்!

(இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்ததை மறைக்க விரும்பவில்லை.)

கீழ்வீடு: அப்படி என்ன செய்திருந்தார்?

மேல்வீடு: பருப்பும் கிழங்கும்தான். நான் செய்வது, நீ செய்வது, எல்லோரும் செய்வது. ஆனால் பக்குவமே வேறு. வெங்காயம் நன்றாகச் சிவந்து, வாயில் வைத்தால் இனிக்கிறது. என் வெங்காயம் என்றைக்குச் சிவந்திருக்கிறது? வெளிறிப்போய்க் கிடக்கும்.

கீழ்வீடு: நேரம் கொடுத்தால் சிவக்கும், அக்கா. 'ஐந்து நிமிடம் வதக்கினால் பொன்னிறமாகும்' என்று குறிப்பில் எழுதுகிறார்களே, அதைவிடப் பெரிய பொய்யை நான் படித்ததில்லை. வெங்காயத்தில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். அது வற்றுகிறவரை வெங்காயத்தின் சூடு 100 டிகிரியை விட்டு நகராது. வேகும், சிவக்காது. மளமளவென்று சிவக்க 140 டிகிரி பக்கம் போக வேண்டும். மயார் என்ற பிரெஞ்சுக்காரர் 1912-லேயே இந்த வேதிவினையை எழுதி வைத்துவிட்டார். நான் வேதியியல் படித்தது வாணலிக்குத்தான் உதவுகிறது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சின்னத் தீயில் முக்கால் மணி நேரம்...

மேல்வீடு: ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்ன?

கீழ்வீடு: ஒன்றுமில்லை. பொதுவாகச் சொன்னேன்.

மேல்வீடு: அப்புறம் ஒரு புகை வாசனை பார்! விறகடுப்பில் வைத்து இறக்கின மாதிரி. அதை எப்படிக் கொண்டுவந்தான் என்றுதான் புரியவில்லை.

(அது அடிப்பிடித்த வாசனை. நான் குளித்துக்கொண்டிருந்தேன்.)

மேல்வீடு: இன்னொன்று. கிழங்கில் பாதி தோலோடு, பாதி தோல் உரித்து. ஒன்று மெல்ல வேண்டும், ஒன்று கரைகிறது. நான் எப்போதும் தோலோடுதான் போடுவேன். அது சோம்பல். தோல் சீவுகிற கத்தி குப்பையோடு போய்விட்டது. அவன் செய்தது கலை.

கீழ்வீடு: பாதி... தோலோடா?

மேல்வீடு: ஆமாம்.

கீழ்வீடு: தோலோடு இருந்த துண்டு எப்படி வெட்டியிருந்தது, அக்கா?

மேல்வீடு: முக்கோணமாக. நான் வெட்டுகிற மாதிரியே ஒரு பக்கம் தடிமனாக, ஒரு பக்கம்...

(நின்றுவிட்டது. இந்த முறை நான் விநாடி எண்ணவில்லை. மூச்சையும் விடவில்லை.)

மேல்வீடு: நீ என்ன செய்தாய்?

கீழ்வீடு: கோபித்துக்கொள்ளக் கூடாது.

மேல்வீடு: சொல்.

கீழ்வீடு: உப்பு கூடியிருந்தது. கொட்ட மனசு வரவில்லை. நாலு கிழங்கை வேகவைத்துத் தோலை உரித்து உள்ளே போட்டேன்.

மேல்வீடு: கிழங்கு உப்பை இழுத்துக்கொள்ளும் என்றா?

கீழ்வீடு: கிழங்கு உப்பை மட்டும் பொறுக்கி எடுக்காது, அக்கா. உப்புத் தண்ணீரைத்தான் உறிஞ்சும். உப்பு அதே உப்புதான், பங்குக்கு ஆள் கூடிவிடுகிறது. அதற்காகவே உப்பில்லாத பருப்பும் ஒரு குவளை வேகவைத்து ஊற்றினேன். வெங்காயத்தையும் சிவக்க வதக்கிச் சேர்த்தேன். பார்த்தால் மூன்று பங்காகிவிட்டது. நாங்கள் மூன்று பேர் எவ்வளவு சாப்பிடுவது? ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்தேன். நேற்றுக் காலை எடுத்து நடுவீட்டுத் தம்பிக்குக் கொடுத்தேன்.

மேல்வீடு: அவன்?

கீழ்வீடு: 'நானே நன்றாகச் சமைப்பேன், இருந்தாலும் பரவாயில்லை' என்று வாங்கிக்கொண்டார்.

(சொன்னேன். மறுக்கவில்லை.)

மேல்வீடு: அப்படியென்றால் இவர் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டது என் சமையல்!

கீழ்வீடு: பாதி என்னுடையது.

மேல்வீடு: கிழங்கு?

கீழ்வீடு: பாதிப் பாதி.

மேல்வீடு: பருப்பு?

கீழ்வீடு: அதுவும் அப்படித்தான். வெங்காயம் முழுக்க என்னுடையது.

மேல்வீடு: உப்பு?

கீழ்வீடு: அது முழுக்க உங்கள் குடும்பத்துடையது.

மேல்வீடு: எனக்கே அடையாளம் தெரியவில்லையே, அதுதான் அவமானம். ஞாயிற்றுக்கிழமை இதையே வாயில் வைத்தபோது வைக்கோல் மாதிரி இருந்தது.

கீழ்வீடு: ஒரு மணி நேரம் அடுப்பு முன்னால் நின்றால் மூக்கு அந்த வாசனைக்குப் பழகி மரத்துவிடும், அக்கா. சமைத்தவருக்குத் தன் சாப்பாடு சப்பென்றுதான் இருக்கும். அதோடு ஒரு நாள் வைத்திருந்தால் உப்பும் காரமும் கிழங்குக்குள் இறங்கியிருக்கும்.

மேல்வீடு: எனக்கு மூக்கு மரத்தது, சரி. அவருக்கு எது மரத்தது? அடுக்களைக்கு அவர் வருவதே உப்புப் போடத்தானே?

கீழ்வீடு: அடுத்த வீட்டுக் கிண்ணத்தில் வந்தது என்று நினைத்திருப்பார்.

மேல்வீடு: என் கிண்ணமடி அது!

(இருவரும் சிரித்தார்கள். நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அதுவரை எல்லாம் சுகமாகத்தான் இருந்தது.)

மேல்வீடு: வா, மணியை அடிப்போம். எப்படிச் செய்தான் என்று அவன் வாயாலேயே கேட்போம்.

மணி அடித்தது. என் தலைக்கு நேர் மேலேதான் இருக்கிறது, காது அடைத்துவிட்டது. மணி அடித்த மறுநொடியே கதவைத் திறந்தது முதல் தவறு. ஒரு காலில் செருப்பு, ஒரு கையில் செருப்பு. இருவரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

"தம்பி, நேற்று கொடுத்தாயே, பருப்பும் கிழங்கும். அதை எப்படிச் செய்தாய்?" என்றார் மேல்வீட்டு அக்கா.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் 'கைப்பக்குவம்' என்ற சொல் இன்னும் காதில் இருந்தது.

"பெரிய வித்தையெல்லாம் இல்லை, அக்கா. வெங்காயத்தைச் சின்னத் தீயில் முக்கால் மணி நேரம் வதக்க வேண்டும். சூடு 140 டிகிரி பக்கம் போக வேண்டும். மற்றபடி கிழங்கில் பாதியைத் தோல் சீவிப் போட வேண்டும். உங்களுக்குத்தான் கஷ்டம், கத்தி குப்பையோடு போய்விட்டதே..."

இந்த முறை விநாடிகளை அவர்கள் எண்ணியிருக்க வேண்டும்.

மேல்வீட்டு அக்கா ஒன்றும் பேசவில்லை. நீல மூடி டப்பாவை என் கையில் வைத்தார். காலி டப்பா.

"ராத்திரி ஏழு மணிக்குள், தம்பி. உப்பு நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.