கைல் பிட்ஸைத் துரத்தத் துடிப்பவர்களுக்கு

நேற்று ராத்திரி எங்கள் வாட்ஸ்அப் குழுவில், அதாவது அமெரிக்கக் கால்பந்து அணியான அட்லாண்டா ஃபால்கன்ஸின் ரசிகர்கள் குழுவில், கைல் பிட்ஸைப் பற்றி மறுபடியும் அதே சண்டை. "2025 ட்ராஃப்டுக்குள் பிட்ஸை யார் தலையிலாவது கட்டிவிட வேண்டும்" என்று ஒருவர் ஆரம்பித்தார், பத்து பேர் கட்டைவிரல் போட்டார்கள். (ட்ராஃப்ட் என்பது அணிகள் வருஷாவருஷம் புது ஆட்களை வரிசைப்படி தேர்ந்தெடுப்பது.) அந்தப் பத்தில் பாதிப் பேர் 2021-இல் பிட்ஸின் 8-ஆம் எண் ஜெர்சியை வரிசையில் நின்று வாங்கியவர்கள். நானும் வாங்கினேன், அதை மறைக்கப் போவதில்லை.

2025 என்ற இந்த ஒரு சீசன் அவனை வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்பது என் கட்சி. கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறேன், பாசமெல்லாம் 2024 டிசம்பரிலேயே தீர்ந்துவிட்டது.

முதலில் அவன் மேல் இருக்கிற குற்றப்பத்திரிகையை நானே வாசித்துவிடுகிறேன். 2021 ட்ராஃப்டில் நான்காவது ஆளாக எடுக்கப்பட்டவன், டைட் எண்ட் (எதிராளியை முட்டித் தடுப்பது, பந்தைப் பிடிப்பது என்று இரண்டு வேலையும் உள்ள ஆள்) ஒருவனை அவ்வளவு மேலே யாரும் எடுத்ததே இல்லை. அவனுக்கு அடுத்த இடத்தில் போனவன் ஜமார் சேஸ். பன்னிரண்டாவதாகப் போனவன் மைக்கா பார்சன்ஸ். இரண்டு பேருமே பெரிய நட்சத்திரங்கள் ஆனார்கள், இதை நினைத்தாலே வயிறு எரியும். முதல் வருஷம் 68 கேட்ச், 1,026 யார்டு. அறிமுக சீசனிலேயே ஆயிரம் யார்டு தாண்டிய டைட் எண்ட் 1961-இல் மைக் டிட்கா, அவருக்கு அடுத்து இரண்டாவதாக இவன்தான். ஆனால் அந்த ஆயிரம் யார்டுக்கு டச்டவுன் (எதிராளியின் எல்லைக்கோட்டைத் தாண்டி எடுக்கும் ஸ்கோர்) ஒன்றே ஒன்று, அதுவும் லண்டனில் நியூயார்க் ஜெட்ஸோடு ஆடியபோது வந்தது. 2022-இல் முழங்கால் போய்ப் பத்து ஆட்டத்தோடு சரி, 356 யார்டு. 2023-இல் 667. 2024-இல் 602. டிசம்பரில் சில ஆட்டங்களில் ஆள் மைதானத்தில் இருக்கிறானா என்றே தேட வேண்டியிருந்தது. நியூயார்க் ஜயன்ட்ஸோடு ஆடிய அன்று, முதன்முறையாக ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்தே குவார்ட்டர்பேக்காக (பந்தை எறிபவர்) இறங்கிய பெனிக்ஸ் சரியாகவே போட்ட பந்து இவன் கையில் பட்டுத் துள்ளி எதிராளியிடம் போனது. பாவம் அந்தப் பையன், கணக்கில் இன்டர்செப்ஷன் அவன் பெயரில் ஏறியது. ஆறரை அடி உயரம் இருந்தும் இரண்டு பேர் மோதிப் பிடிக்கிற பந்தில் இவன் தோற்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கே அலுத்துவிட்டது.

சரி, இப்போது மறுபக்கம். நான்கு வருஷத்தில் இவனுக்குப் பந்து போட்டவர்கள்: மேட் ரையன், மாரியோட்டா, ரிட்டர், ஹைனிக்கி, கஸின்ஸ், பெனிக்ஸ். எண்ணிப் பாருங்கள், ஆறு பேர். நடுவில் பயிற்சியாளரும் மாறினார். டைட் எண்ட் வேலை என்ன என்பதை நம் ஆட்கள் பாதிப் பேர் யோசிப்பதே இல்லை. வரிசையில் நிற்கும் ஐந்து தடியன்களோடு ஆறாவது ஆளாக நின்று, தன்னைவிட முப்பது கிலோ கூடுதலான ஒருவனை முட்டித் தள்ள வேண்டும்; அதே ஆட்டத்தில் அடுத்த முயற்சியிலேயே வைட் ரிசீவர் மாதிரி ஓடி வளைந்து பந்தைப் பிடிக்க வேண்டும். இரண்டு வேலைக்கும் இரண்டு பாடம். முட்டுகிற வேலையில் இவன் இன்றைக்கும் சுமார்தான், அதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் இந்த இடத்தில் ஆட்கள் தாமதமாகத்தான் பழுக்கிறார்கள்.

2017 ட்ராஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் மூன்று டைட் எண்ட்: 19-இல் ஓ.ஜே. ஹவர்ட், 23-இல் எவன் எங்ரம், 29-இல் டேவிட் என்ஜோக்கு. மூன்று பேரையுமே ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள். எங்ரம் பந்தைக் கோட்டைவிட்டே பேர் வாங்கினான், ஜயன்ட்ஸ் 2021 முடிந்ததும் கைகழுவியது, ஜாக்சன்வில் எடுத்துக்கொண்டது, 2023-இல் 114 கேட்ச்! என்ஜோக்கு 2020-இல் தன்னை வேறு அணிக்கு மாற்றச் சொல்லியே கேட்டான், கிளீவ்லாந்து விடவில்லை, 2023-இல் 882 யார்டு, ப்ரோ பௌல் என்ற நட்சத்திர ஆட்டத்துக்கும் தேர்வானான். ஹவர்ட் மட்டும் காயத்துக்குப் பிறகு எழவே இல்லை. அதே வருஷம் ஐந்தாம் சுற்றில், 146-ஆவது ஆளாக ஜார்ஜ் கிட்டில் போனான் என்பது தனிக் கூத்து. இந்த இடத்துக்கு ஆள் பார்ப்பதில் யாருக்கும் பெரிய ஞானம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வெளியே போய்த் தேறியவனுக்குத் தூரமாகக்கூடப் போக வேண்டாம். ஜோனு ஸ்மித் என்ற டைட் எண்ட் 2023-இல் நம்மிடம்தான் இருந்தான். நாம் அனுப்பினோம். 2024-இல் மயாமியில் 88 கேட்ச், 8 டச்டவுன். அன்றைக்கு அவனுக்காக இந்தக் குழுவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை, நான் உட்பட.

பழைய கதையும் ஒன்று உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோவின் டைட் எண்ட் வெர்னன் டேவிஸ், 2006-இல் ஆறாவது தேர்வு. 2008 அக்டோபரில் ஒரு தேவையில்லாத தப்பு செய்தான் என்று பயிற்சியாளர் சிங்கிள்டரி ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அவனை உடைமாற்றும் அறைக்குப் போகச் சொல்லிவிட்டார், ஊரே பார்த்தது. அணி அவனை விற்கவில்லை. மறு வருஷம் 13 டச்டவுன், டைட் எண்ட்களில் அப்போதைய சாதனைக்குச் சமம். எல்லாரும் டேவிஸ் ஆகிவிட மாட்டார்கள், தெரியும். ஆனால் டேவிஸை யாரும் கொஞ்சவில்லை என்பதையும் கவனியுங்கள். பிட்ஸை இந்த நான்கு வருஷமும் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வைத்திருந்தார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இப்போது காசு. பிட்ஸின் ஐந்தாம் வருஷமான 2025-க்குச் சுமார் 1 கோடியே 9 லட்சம் டாலர், அது முழுக்க உத்தரவாதம் கொடுத்த பணம். "வெட்டிவிடு, காசு மிச்சம்" என்கிறவர்கள் இதைப் படியுங்கள்: வெட்டினால் ஒரு பைசா மிச்சமில்லை, அவன் வீட்டில் இருந்தபடி வாங்கிக்கொள்வான். மிச்சம் வேண்டுமென்றால் வேறு அணிக்கு விற்க வேண்டும், 602 யார்டு எடுத்தவனை, ஒரே வருஷ ஒப்பந்தத்தோடு, யார் நல்ல விலைக்கு வாங்குவார்கள்? அடிமாட்டு விலைதான் கேட்பார்கள். 2025 ட்ராஃப்ட் சமயத்தில் வயசு 24தான். கழிந்த நான்காவது தேர்வைத் திரும்ப யாரும் தரப்போவதில்லை, அதற்காக அழுவதை நிறுத்திவிட்டு இன்றைக்கு இருக்கிற ஆளை மட்டும் பார்த்தால் வைத்துக்கொள்வதே லாபம்.

அதற்காக இப்போதே நீண்ட ஒப்பந்தம் நீட்டினால் நான்தான் முதலில் கத்துவேன். கையெழுத்தெல்லாம் சீசன் முடிந்த பிறகு பார்க்கலாம். அதுவரை முட்டுகிற வேலைக்கு வேறு ஆளைப் போட்டு, இவனை ஓடவிடுங்கள். 2024 டிசம்பரில் வாஷிங்டன் கமாண்டர்ஸோடு ஆடிய ஆட்டத்தின் கடைசி நிமிஷங்களை ஒரு தடவை மறுபடி பாருங்கள்: நான்காவது டவுன் (கடைசி முயற்சி), 13 யார்டு, இதே பெனிக்ஸ், இதே பிட்ஸ், டச்டவுன், ஆட்டம் சமன். அப்புறம் ஓவர்டைமில் தோற்றோம், அது நம் ஜாதக விசேஷம்.

நவம்பரில் டிரேட் கெடு (அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள்) வரும்போது மறுபடி பேசலாம். அதற்குள் யாராவது இரண்டாம் சுற்றுத் தேர்வு தருவதாகச் சொன்னால் எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், பெட்டி கட்ட நானே வருகிறேன். ஐந்தாம் சுற்று என்றால் அந்த விஷயத்தைக் குழுவில் போடவே வேண்டாம்.